குவில்ட் துண்டுகளை இணைக்க எந்தக் குண்டூசி? கேள்வி பதில்

குவில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை. அதன் மேல்பக்கத்துக்குத் துணித் துண்டுகளை இணைக்கும்போது எந்தக் குண்டூசி வாங்குவது, எங்கே எப்படிக் குத்துவது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, இப்போதுதான் பேட்ச்வொர்க் (துணித் துண்டுகளை இணைத்துத் தைப்பது) ஆரம்பித்திருக்கிறேன். ஆபீஸில் பேப்பர் குத்தும் குண்டூசி வீட்டில் டப்பா டப்பாவாகக் கிடக்கிறது. அது போதாதா? (கோவை)

போதாதும்மா. அது காகிதத்துக்காகச் செய்தது. கம்பி தடிமன், முனை மொண்ணை. கேம்பிரிக், பாப்ளின் மாதிரி நெருக்கமாக நெய்த துணியில் அழுத்திக் குத்தினால் ஒரு இழையை அப்படியே இழுத்துக்கொண்டு போகும். துணியில் கோடு விழும், துவைத்தாலும் போகாது.

தடிமன்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். குண்டூசி குத்திய இடத்தை ஒருமுறை பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துணி கம்பிமேல் ஏறி இறங்கியிருப்பது தெரியும். கம்பி தடியாக இருந்தால் அந்த மேடும் பெரிதாகும், மேல் துணியும் கீழ்த் துணியும் ஆளுக்கொரு பக்கம் கொஞ்சம் நகரும். சட்டை தைக்கும்போது இது பொருட்டே இல்லை. குவில்டில் தையல் ஓரமே (தையலுக்கும் வெட்டிய விளிம்புக்கும் நடுவே விடுவது) கால் அங்குலம்தான், அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு தையலில் இரண்டு பக்கமும் அரை அரை மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போனால் மொத்தம் ஒரு மில்லிமீட்டர் போச்சு. அகலவாக்கில் 60 தையல் வரும் போர்வையென்றால் 6 சென்டிமீட்டர் குறைந்துவிடும். அப்புறம் பார்டர் ஏன் சேரவில்லை என்று தேடுவோம்.

வாங்கும்போது 0.4 மில்லிமீட்டர் கம்பி கேளுங்கள். ஜப்பானின் க்ளோவர் நிறுவனம் பேட்ச்வொர்க்குக்கென்றே அந்த அளவில் கண்ணாடித் தலை வைத்த குண்டூசி விற்கிறது. 0.5 கிடைத்தாலும் சரி. 0.6 என்றால் வேறு தையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், துண்டு இணைக்க வேண்டாம்.

எங்கள் ஊர்க் கடையில் பாக்கெட்டில் தடிமனே போடுவதில்லை மேடம். எப்படித் தெரிந்துகொள்வது? (திண்டுக்கல்)

பத்துக் குண்டூசியை எடுத்து, தலை ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ப்பக்கம் வருமாறு மேஜைமேல் இடைவெளி இல்லாமல் நெருக்கி வையுங்கள். நடுப்பகுதியில் ஸ்கேலை வைத்து மொத்த அகலத்தை அளந்து பத்தால் வகுத்தால் முடிந்தது. 4 மில்லிமீட்டர் வந்தால் கம்பி 0.4, 6 வந்தால் 0.6. தலை பெரிதாக இருந்து இடித்தால், தலைகள் ஒன்றையொன்று முட்டாதபடி குண்டூசிகளை முன்பின்னாகத் தள்ளிவிட்டுக் கம்பிகளை நெருக்குங்கள்.

சில வெளிநாட்டுப் பாக்கெட்டில் 17, 20, 28 என்று எண் மட்டும் போட்டிருக்கும். அது நீளம். ஓர் அங்குலத்தை 16 பாகமாக்கி, அதில் எத்தனை பாகம் என்ற கணக்கு. 20 என்றால் ஒன்றேகால் அங்குலம், 28 என்றால் ஒன்றேமுக்கால். துண்டு இணைக்க ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை அங்குலம் வரை வசதி. அதைவிடக் குட்டை விரலில் நிற்காது, நீளமானது சின்னத் துண்டில் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு கையைக் கீறும்.

முத்து வைத்தது, பூ வைத்தது, கண்ணாடித் தலை, தலையே தெரியாத மொட்டை ஸ்டீல் என்று நாலு வகை பார்த்தேன். எது? (யாழ்ப்பாணம்)

கண்ணாடித் தலை. குத்தியபடியே இஸ்திரி போட்டாலும் உருகாது. முத்து மாதிரி இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். சூடு பட்டால் இளகித் துணியில் ஒட்டிக்கொள்ளும், இஸ்திரிப் பெட்டியின் அடியிலும் அப்பிக்கொள்ளும். நம் கடைகளில் வட்டத் தட்டில் செருகி விற்கும் முத்துக் குண்டூசி பெரும்பாலும் கம்பியும் தடிமன்தான். புடவைக்கும் முக்காட்டுக்கும் குத்தச் சரியாக இருக்கும்.

பூத்தலைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தட்டையாக இருப்பதால் மேலே ஸ்கேல் வைத்தால் ஆடாது. காகித அச்சின்மேல் தைக்கும் ஃபவுண்டேஷன் வேலைக்கும் அது சௌகரியம். ஆனால் தலை பிளாஸ்டிக், கம்பியும் கொஞ்சம் தடிமன், நீளமும் இரண்டு அங்குலம் வரை இருக்கும். ஸ்கேல் வைத்து ரோட்டரி கட்டரில் (சக்கரம் மாதிரி உருளும் பிளேடு) வெட்டுபவர்கள் கம்பி வெட்டுக்கோட்டின் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பட்டாலே பிளேடில் பல் விழுந்து, அதன்பிறகு வெட்டும் துணியிலெல்லாம் ஓர் இழை வெட்டாமல் நிற்கும். மொட்டை ஸ்டீல் மெலிதாகக் கிடைத்தால் நல்லதுதான், தரையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டும்தான் குறை.

மெல்லிய குண்டூசியே வாங்கிவிட்டேன் அக்கா. ஆனாலும் நாலு சதுரம் சேரும் இடத்தில் மூலை சேரவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு நூலிழையாவது விலகுகிறது. (சிங்கப்பூர்)

குத்தும் இடத்தைச் சரிசெய்தால் இது தீரும். பொறுமையாகப் படியுங்கள், எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான்.

முதலில் இஸ்திரி. மேல் வரிசையின் தையல் ஓரத்தை வலப்பக்கமும் கீழ் வரிசையின் ஓரத்தை இடப்பக்கமும் மடித்து அழுத்துங்கள். இரண்டு வரிசையையும் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்து வைத்து, இணைப்பு வரும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து லேசாக உருட்டுங்கள். இரண்டு மடிப்பின் மேடுகளும் ஒன்றையொன்று முட்டி நிற்கும் இடம் விரலுக்கே தெரியும். அந்த இடத்தைத் தாண்டினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும், தடித்துப்போகும். முட்டி நிற்கும்போது பிடித்த பிடியை விடக்கூடாது.

இப்போது இணைப்புத் தையலின்மேலேயே குத்தாதீர்கள். அங்கே குத்தினால் கம்பியே இரண்டு மடிப்பையும் பிரித்துவிடும். தையலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, 3 மில்லிமீட்டர் தள்ளி. ஊசி முதலில் வந்து சேரும் பக்கத்து மடிப்பை முதலில் குத்துங்கள். வெட்டிய விளிம்புக்குச் செங்குத்தாக, தலை வெளியே வலக்கைப் பக்கம் இருக்கட்டும். ஒரு கொத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் துணி போதும். நிறையத் துணியை அள்ளிக் குத்தினால் அலையலையாக நிற்கும்.

மிஷினில் வைக்கும்போது மேல் துணியின் மடிப்பு ஊசியைப் பார்த்து இருக்கட்டும். பிரஷர் ஃபுட் (துணியை மேலிருந்து அழுத்தும் பாதம்) அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டுபோய்க் கீழ் மடிப்போடு தானே இறுக்கிவிடும். மடிப்பு உங்களைப் பார்த்து இருந்தால் அதே ஃபுட் அதைப் புரட்டிவிடப் பார்க்கும்.

முக்கோணம், நட்சத்திரம் மாதிரி கூர்முனை சேரும் வடிவங்களுக்கு ஒரு படி கூடுதல். மேல் துண்டின் உள்பக்கத்திலிருந்து, இரண்டு தையல் வெட்டிக்கொள்ளும் சரியான புள்ளியில் ஒரு குண்டூசியை நேராகச் செருகி வெளியே எடுங்கள். கீழ்த் துண்டில் அதே புள்ளியைத் தேடி அதன் வழியே செலுத்துங்கள். தலைவரைக்கும் தள்ளி, கொடிக்கம்பம் போல நிமிர்ந்து நிற்க விடுங்கள். அதைச் சாய்த்து மடக்கிக் குத்திவிடத்தான் கை போகும். சாய்த்த மாத்திரத்தில் இரண்டு அடுக்கும் நகர்ந்துவிடும். அது நிற்கும்போதே இரண்டு பக்கமும் வேறு குண்டூசி குத்திவிட்டு, அப்புறம் நின்றதை உருவிவிடுங்கள். தைக்கும்போது அந்தப் புள்ளிக்கு நூலிழை வெளியே, அதாவது வெட்டு விளிம்புப் பக்கமாகத் தையல் போனால் முனை முழுசாகத் தெரியும்.

நான் 25 வருஷமாக டெய்லர். சட்டை, பேண்ட் எதற்கும் குண்டூசி குத்துவதில்லை, கையாலேயே ஓட்டிவிடுவேன். குவில்டுக்கு மட்டும் ஏன் இத்தனை குத்தல்? அப்படியே குத்தினாலும், குண்டூசிமேலேயே தைத்தால் என்ன? (ஈரோடு)

ஐயா, உங்கள் கைக்கு இருக்கும் பழக்கம் பெரிய சொத்து. நாலு அங்குலச் சதுரம் இரண்டைச் சேர்க்க உங்களுக்கு ஒன்றுமே தேவைப்படாது. ஆனால் 80 அங்குல நீள வரிசையில் இருபது இணைப்பும் சேர வேண்டும் என்றால், துணியை அடியிலிருந்து நகர்த்தும் மிஷின் பல் கீழ்த் துணியைக் கொஞ்சம் அதிகமாக இழுப்பதே போதும், பாதி வழியில் இணைப்பு விலகிவிடும். அதைத் தடுக்கத்தான் குண்டூசி. நீள வரிசையை முதலில் இரண்டு முனை, நடு, அப்புறம் கால் பாகங்கள் என்று குத்திவிட்டு, மிச்சத்தை உங்கள் கையாலேயே ஓட்டுங்கள். ஒரு துண்டு சற்று நீளமாக இருந்தால் அதைக் கீழே வையுங்கள், பல் அதைத் தானே உள்வாங்கிக்கொள்ளும்.

குண்டூசிமேல் தைக்க வேண்டாம். ஊசி கம்பிமேல் இறங்கினால் முனை மழுங்கும், வளையும், முறியும். முறிந்த துண்டு கண்ணுக்கு நேரே தெறிக்கலாம், அடிநூல் இருக்கும் பாபின் கேஸில் விழுந்து மிஷினின் டைமிங்கும் கெடலாம். துண்டு இணைக்கப் போடும் 80/12 ஊசியின் தடிமன் 0.8 மில்லிமீட்டர், நம் கம்பியைப்போல் இரண்டு மடங்கு. கம்பி மெலிதுதானே, விலகிக்கொள்ளும் என்று சிலர் துணிந்து தைக்கிறார்கள். பெரும்பாலும் விலகிக்கொள்ளும், எப்போது விலகாது என்று சொல்ல முடியாது. ஃபுட்டின் முன்நுனி தொடும்போது நிறுத்தி உருவுங்கள்.

அம்மாவின் பழைய பட்டுப்புடவைகளை வெட்டிப் போர்வை தைக்கப் போகிறேன். குண்டூசி ஓட்டை நின்றுவிடுமோ என்று பயம். (காஞ்சிபுரம்)

நிற்கும். பட்டிலும், நெருக்கமாக நெய்த பாட்டிக் துணியிலும் ஓட்டை லேசில் மூடாது. அதனால் குத்துவதை அந்தக் கால் அங்குலத் தையல் ஓரத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். தைத்தபின் அது உள்ளே மறைந்துவிடும். 0.4 கம்பி, அதுவும் புதியது. ஜரிகைமேல் குத்தாதீர்கள், ஜரிகை இழை அறுந்து பிசிறாக நிற்கும். பழைய பட்டு மடிப்புக் கோடுகளில் இற்றுப்போயிருக்கும். அந்த இடங்களை வெட்டும்போதே ஒதுக்கிவிட்டு, மற்றதுக்கு அடியில் மெல்லிய ஃபியூசிங் (இஸ்திரி போட்டால் ஒட்டும் உள்துணி) ஒட்டிக்கொண்டால் துணிக்கும் பலம், துண்டும் நழுவாது. அம்மா கட்டிய புடவை என்பதால் சொல்கிறேன், ஓரத்துண்டில் ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டே ஆரம்பியுங்கள்.

கடலோர ஊர் எங்களுடையது. ஒரு மழைக்காலம் போனால் குண்டூசியெல்லாம் துரு. (நாகப்பட்டினம்)

குண்டூசியைப் பஞ்சு வைத்த குஷனில் குத்தியே வைக்காதீர்கள், பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் இறுக்கி மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். பித்தளைக் குண்டூசி துருப்பிடிக்காது, ஆனால் காந்தத்தில் ஒட்டாது. கீழே கொட்டினால் காந்தத்தை ஓட்டிப் பொறுக்க முடியாது. குழந்தை தவழும் வீடென்றால் காந்தத்தில் ஒட்டும் ஸ்டீலே வாங்குங்கள். முக்கியமாக, பாதி தைத்த பிளாக்கில் (துண்டுகள் சேர்ந்த ஒரு சதுரம்) குண்டூசியைக் குத்தி மாதக்கணக்கில் மூட்டை கட்டி வைக்காதீர்கள். துருக்கறை துணியை விட்டுப் போவது கஷ்டம்.

குண்டூசிக்குப் பதில் க்ளிப் போட்டுத் தைக்கலாமா? (சென்னை)

பைண்டிங்குக்கும் (போர்வை ஓரத்தை மூடித் தைக்கும் பட்டி), ஜீன்ஸ் மாதிரித் தடித்த துணிக்கும் தாராளமாக. சின்னத் துண்டு இணைக்க வேண்டாம். க்ளிப்பின் கனமே துணியை இழுக்கும், இணைப்பை நூலிழைத் துல்லியத்தில் பிடிக்காது.

வயது 71. கையாலேயே தைக்கிறேன். நூல் குண்டூசியில் சிக்கிக்கொண்டே இருக்கிறது, மெல்லிய குண்டூசி விரலில் பிடிபடவும் இல்லை. (தஞ்சாவூர்)

அம்மா, துணிமேல் துணி வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலைக்கான குண்டூசி என்று அரை அங்குலம், முக்கால் அங்குலத்தில் குட்டையாக வரும். நூல் சிக்குவது பாதியாகக் குறையும். அது உங்களுக்குப் பிடிக்கக் கஷ்டமாக இருந்தால், கண்ணாடித் தலை கொஞ்சம் பெரிதாக இருக்கும் ஒன்றரை அங்குலக் குண்டூசியே எடுத்து, தைக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து குத்துங்கள். தலையும் முனையும் பின்னால் போய்விடும், நூலுக்கு முன்னால் தடையே இருக்காது. ஒரே நேரத்தில் மூன்று நான்குக்கு மேல் குத்த வேண்டாம், தைக்கத் தைக்க நகர்த்திக்கொள்ளுங்கள்.

மேல்துணி, பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு), அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கவும் இதே குண்டூசி ஆகுமா? (மதுரை)

ஆகாது, போர்வையைத் திருப்பும்போதெல்லாம் கழன்று விழும், கையைக் குத்தும். அதற்கு வளைந்த ஊக்கு வாங்குங்கள். வளைவு இருப்பதால் மூன்று அடுக்கையும் தூக்காமலே உள்ளே போய் வெளியே வரும். நாலு அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்தால் 60க்கு 90 அங்குலப் போர்வைக்கு 330 சொச்சம் ஆகும். அவ்வளவு வாங்க வேண்டாம் என்றால் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டுவிட்டுப் பின்னால் பிரித்துக்கொள்ளலாம். பாட்டிமார் செய்ததும் அதுதான், நன்றாகவே பிடிக்கும்.

எத்தனை வாங்கலாம்? எப்போது தூக்கிப் போடலாம்? (திருநெல்வேலி)

ஆரம்பிக்க 100 போதும். 0.4 கம்பி சீக்கிரம் வளையும். மேஜைமேல் உருட்டிப் பாருங்கள், துள்ளித் துள்ளி உருண்டால் வளைந்திருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். குத்தும்போது டிக்கென்று சத்தம் வந்தாலோ துணி சுருங்கினாலோ முனை மழுங்கியிருக்கிறது. தக்காளி வடிவ பின் குஷனில் ஒரு குட்டி ஸ்ட்ராபெரி தொங்கும் பாருங்கள், அதற்குள் தீட்டும் எமரித் தூள் இருக்கும். நாலைந்து தடவை அதில் குத்தி எடுத்தால் லேசான பிசிறும் துருவும் போய்விடும். அதற்கும் சரியாகாததைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள், குப்பை அள்ளுபவர் கையில் ஏறும். காலி மாத்திரை டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி ஒட்டி, மேலே ‘ஊசி’ என்று எழுதிக் கொடுங்கள்.