நடுநிலையில் துள்ளும் ரட்டர் பெடல்: புதிய பொடென்ஷியோமீட்டரா, ஹால் சென்சாரா?

கேள்வி: வீட்டு விமான சிமுலேட்டருக்காக நான் பயன்படுத்தும் ரட்டர் பெடல்கள் (விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் கால்மிதிகள்) ஆறு ஆண்டுகள் பழையவை. சில மாதங்களாக, கால்களை அசைக்காமல் வைத்திருந்தாலும் ஓடுபாதையில் விமானத்தின் மூக்கு திடீரென இடப்பக்கம் துள்ளுகிறது. காண்டாக்ட் கிளீனரை இரண்டு முறை தெளித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் சரியாக இருந்துவிட்டு, பிறகு அதே தொல்லை திரும்பிவிடுகிறது. இப்போது டெட்ஜோனை (நடுநிலையைச் சுற்றிய அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதியை) 15 சதவீதத்திற்கு உயர்த்திச் சமாளிக்கிறேன். உள்ளே பெடலின் அசைவை அளக்கும் பொடென்ஷியோமீட்டருக்கு (மாறும் மின்தடைக்கு) பதிலாக அதே வகையில் புதியதைப் போடலாமா, அல்லது காந்தப்புலத்தைக் கொண்டு அளக்கும் ஹால் சென்சாருக்கு மாறிவிடலாமா? சால்டரிங் ஓரளவு தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது.

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அனைத்தும் தேய்ந்துபோன பொடென்ஷியோமீட்டரையே காட்டுகின்றன. ஆனாலும், பெட்டியைத் திறந்து எதையும் கழற்றுவதற்கு முன்பு அதை உறுதி செய்துகொள்ளுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். ஏனெனில் ஒயர் ஒன்று உள்ளுக்குள் அறுந்து, தோலுக்குள்ளேயே தொட்டும் தொடாமலும் இருந்தாலும் திரையில் இதே துள்ளல்தான் தெரியும். பெடல் அசையும்போது மடங்கி நிமிரும் இடத்தில் ஒயர் அறுவது அடிக்கடி நடப்பதுதான். அதைக் கவனிக்காமல் புதிய சென்சாரைப் பொருத்தியவர்கள் மறுநாளே மீண்டும் திருகுகளைக் கழற்ற நேர்ந்திருக்கிறது.

சோதிக்க எளிய வழி, இணைப்புகளை இடம் மாற்றிப் பார்ப்பது. உங்கள் பெடலில் இடது, வலது பிரேக்குகளுக்கும் தனித்தனி பொடென்ஷியோமீட்டர் இருந்தால், ரட்டரின் பிளக்கையும் ஒரு பிரேக்கின் பிளக்கையும் சர்க்யூட் போர்டில் மாற்றிச் செருகுங்கள். துள்ளல் இப்போது பிரேக்கின் அச்சில் (கணினி தனியாகப் படிக்கும் அசைவில்) தெரிந்தால், குறை சென்சாரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. ரட்டர் அச்சிலேயே நின்றுவிட்டால், போர்டையும் யூஎஸ்பி இணைப்பையும் பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முன் இரு பிளக்குகளிலும் ஒயர்களின் வரிசை ஒன்றுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்து, கேலிப்ரேஷன் (அளவுதிருத்தம்) திரையில் பதப்படுத்தப்படாத எண்களைக் காட்டும் தேர்வை இயக்கினால், பெடல் நிற்கும்போது எண்கள் எந்த அளவுக்கு அலைகின்றன என்பது நேரடியாகத் தெரியும். ஒன்றிரண்டு எண்கள் அலைவது இயல்பு. பத்துகளிலும் நூறுகளிலும் தாவினால்தான் குறை. பிறகு ஒயரை மட்டும் விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அப்போது எண் தாவினால் சென்சாரைத் தொட வேண்டியதே இல்லை.

மல்டிமீட்டரில் மின்தடையை அளப்பதானால், பிளக்கைப் போர்டிலிருந்து கழற்றிய பிறகே அளக்க வேண்டும். நடு முனைக்கும் ஓரமுனை ஒன்றுக்கும் இடையே வைத்து, பெடலை மிக மெதுவாக நகர்த்தும்போது மதிப்பு சீராக ஏறி இறங்க வேண்டும். டிஜிட்டல் மீட்டர் வினாடிக்குச் சில தடவை மட்டுமே அளந்து காட்டுவதால், நொடிப்பொழுது தாவல்களை அது விழுங்கிவிடும். முள் வைத்த பழைய மீட்டர் கிடைத்தால் அதுவே இந்த வேலைக்கு மேலானது. முள் உதறுவதைக் கண்ணால் காணலாம்.

கிளீனர் ஏன் இரண்டு வாரம் மட்டும் பலன் தந்தது என்பதைப் புரிந்துகொண்டால், அடுத்து என்ன செய்வது என்பதும் தெளிவாகும். பொடென்ஷியோமீட்டருக்குள் வில் வடிவில் ஒரு கார்பன் தடமும், அதன் மேல் உரசிச் செல்லும் உலோகத் தொடுமுனை ஒன்றும் இருக்கின்றன. தடத்தின் இரு ஓரங்களுக்கும் இடையே 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட் கொடுக்கப்படுகிறது. தொடுமுனை நிற்கும் இடத்திற்கு ஏற்ப அதன் ஒரு பங்கு போர்டுக்குச் செல்கிறது. ரட்டர் பெடல் தன் ஆயுளில் பெரும்பகுதியை நடுநிலையைச் சுற்றிய சில டிகிரிகளிலேயே கழிக்கிறது. ஆகவே தடத்தின் மற்ற பகுதிகள் புதிதுபோல இருக்க, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, கார்பன் தூள் அங்கேயே சேர்கிறது. அந்தத் தூளின் மேல் தொடுமுனை ஏறி ஒரு கணம் தொடர்பை இழந்தால், போர்டின் உள்ளீடு எதனோடும் இணையாமல் மிதக்கிறது. அந்தக் கணத்தில் அது படிக்கும் எண்ணுக்கும் உங்கள் காலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிளீனர் தூளைக் கழுவியது. தேய்ந்த கார்பனை அதனால் திருப்பித் தர முடியவில்லை. தண்டில் இருந்த கிரீஸையும் சேர்த்துக் கழுவியிருக்கக்கூடும் என்பதால் மூன்றாம் முறை தெளிக்க வேண்டாம்.

புதிய பாகம் வந்து சேரும் வரை ஒரு தற்காலிக வழி உண்டு. பலர் அறியாத வழி என்பதால் சொல்கிறேன். சாதாரண பொடென்ஷியோமீட்டர் ஏறத்தாழ 300 டிகிரி சுழலக்கூடியது. பெடலோ அதில் 60 டிகிரி அளவையே பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தடத்தின் ஐந்தில் நான்கு பங்கு தொடப்படாமலே இருக்கிறது. பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, பொடென்ஷியோமீட்டரின் உடலை மட்டும் 30 அல்லது 40 டிகிரி திருப்பி இறுக்கினால், நடுநிலை புதிய தடத்தின் மேல் வந்து அமரும். சுழலாமல் தடுக்கும் சிறு உலோக நாக்கு இருந்தால் அதை வளைத்துவிட வேண்டியிருக்கும். மீண்டும் கேலிப்ரேட் செய்ததும் பெடல் பெரும்பாலும் சீராகிவிடும். நடுப்புள்ளியை மாற்ற இடம் தராத சாதனங்களில் மட்டும் இந்த வழி பயன்படாது.

இனி உங்கள் கேள்வியின் மையத்திற்கு வருவோம். அதே வகைப் புதிய பொடென்ஷியோமீட்டரைப் போடுவது தாழ்ந்த தீர்வு அன்று. நட்டும் தண்டும் அப்படியே பொருந்தும், ஒயர் வரிசை மாறாது, ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். பேனல்களில் பொருத்தும் மலிவான கார்பன் வகைகளுக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் ஆயுள் பெரும்பாலும் 10,000, 15,000 சுற்றுகள்தான்; மின்கடத்தும் பிளாஸ்டிக் தடம் கொண்ட சென்சார் வகைகளுக்கு அது 10 லட்சத்தையும் தாண்டும். ஆகவே பொடென்ஷியோமீட்டரையே தேர்ந்தெடுத்தால் இரண்டாம் வகையைத் தேடுங்கள். மின்தடை மதிப்பு பழையதைப் போலவே இருக்க வேண்டும்; ஒலிக்கருவிகளுக்கான வளைவு வகையை அன்றி, நேர்கோட்டு வகையை வாங்க வேண்டும். வகையைக் குறிக்க உடலில் அச்சிட்டுள்ள எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், அந்தக் குறியீடு எங்கும் ஒன்றுபோல் பின்பற்றப்பட்டதில்லை. தண்டைச் சரிபாதியில் நிறுத்தி அளந்தால், மொத்த மின்தடையில் பாதி வர வேண்டும். அதுவே நம்பகமான சோதனை.

மதிப்பைப் பற்றி இன்னும் ஒரு சொல். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் கேம் போர்ட், பொடென்ஷியோமீட்டரை இரண்டு ஒயர்களில் வெறும் மாறும் மின்தடையாகவே பயன்படுத்தியது. அதற்கான ஜாய்ஸ்டிக்குகளில் 100 கிலோ ஓம் வழக்கமாக இருந்தது. அத்தகைய பழைய பெடலை யூஎஸ்பி போர்டுக்கு மாற்றுபவர்கள் அதே 100 கிலோ ஓமை விட்டுவைக்கும்போது, ஒரு அச்சை அசைத்தால் பக்கத்து அச்சும் சிறிது அசைவதைக் காண்கிறார்கள். பொடென்ஷியோமீட்டரின் வெளியீட்டு மின்தடை நடுநிலையில் மொத்தத்தின் கால் பங்கை எட்டுகிறது, அதாவது 25 கிலோ ஓம். பரவலாகப் பயன்படும் ஏடிமெகா32யூ4 போன்ற சில்லுகள் 10 கிலோ ஓமுக்குள் இருப்பதையே விரும்புகின்றன. 10 கிலோ ஓம் பொடென்ஷியோமீட்டரில் அது 2.5 கிலோ ஓமாகக் குறைந்து, குழப்பம் நீங்கிவிடும்.

இருந்தும் உங்கள் ரட்டருக்கு நான் ஹால் சென்சாரையே பரிந்துரைக்கிறேன். நடுநிலையிலேயே வாழும் அச்சுக்கு உரசல் இல்லாத சென்சார் உண்மையான மேம்பாடு. இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு இதே கேள்வி வந்திருந்தால் நல்ல பொடென்ஷியோமீட்டரே போதும் என்றிருப்பேன். அங்கே சிறு தாவல் விமானத்தின் திசையைத் திருப்பிவிடாது.

1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின் மேல் இயங்கும் இந்தச் சில்லு, தன் மீது விழும் காந்தப்புலத்தை மின்னழுத்தமாக மாற்றுகிறது. உங்களுக்கு ஏற்ற வழிகள் இரண்டு. முதலாவது, மூன்று கால்கள் கொண்ட நேரியல் சென்சார். எஸ்எஸ்49ஈ ஒரு காஸுக்கு (காந்தப்புலத்தின் அலகு) ஏறத்தாழ 1.4 மில்லிவோல்ட் தரும். ஏ1324 5 மில்லிவோல்ட் தரும். இரண்டும் புலம் இல்லாதபோது கொடுத்த மின்னழுத்தத்தின் பாதியைக் காட்டுவதால், பொடென்ஷியோமீட்டரின் நடுநிலையோடு இயல்பாகவே ஒத்துப்போகின்றன. எதிரெதிர்த் துருவங்கள் நோக்கி நிற்கும் இரு காந்தங்களின் நடுவே சென்சாரை நிறுத்தி, காந்தங்களைத் தண்டோடு சுழலவிடுவது வழக்கமான அமைப்பு. வெளியீடு கோணத்தின் சைன் மதிப்பைப் பின்தொடரும். நடுவிலிருந்து 30 டிகிரி வரை அது நேர்கோட்டிலிருந்து 5 சதவீதத்திற்கும் குறைவாகவே விலகுகிறது, காலுக்கு அது தெரியாது. 45 டிகிரியில் விலகல் 10 சதவீதமாகிவிடும். காந்தம் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால், பெடல் இன்னும் நகர இடமிருக்கும்போதே வெளியீடு உச்சத்தில் முட்டி நின்றுவிடும். ஏ1324-க்கு 400 காஸ் கிடைத்தாலே நடுவிலிருந்து 2 வோல்ட் நகர்ந்துவிடுகிறது. ஆகவே முட்டினால் காந்தங்களைச் சற்று விலக்கி வையுங்கள்.

இங்கே ஒயரில் நிகழும் பிழையே அதிகச் சென்சார்களைக் கொல்கிறது. பொடென்ஷியோமீட்டரில் நடு முனைதான் சிக்னல். மேற்சொன்ன இரு சென்சார்களிலும் நடுக்கால் கிரவுண்ட். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்த்திருக்க, இடக்கால் மின்னூட்டம் (மின்சாரம் பெறும் கால்), வலக்கால் வெளியீடு. பழைய ஒயர்களை அதே வரிசையில் சால்டர் செய்தால் அது வேலை செய்யாது. மின்னூட்டத்தைத் தலைகீழாகக் கொடுத்தால் சில்லு பெரும்பாலும் பிழைக்காது.

இரண்டாவது வழி, ஏஎஸ்5600 போன்ற சுழல்கோணச் சென்சார். தண்டின் முனையில் ஒட்டிய வட்டக் காந்தத்தின் கோணத்தை இது நேரடியாக அளப்பதால் சைன் வளைவு பற்றிய கவலை இல்லை. காந்தம் விட்டத்தின் குறுக்கே காந்தமூட்டப்பட்டதாக இருக்க வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும், தட்டையான முகங்களில் துருவம் கொண்ட காந்தம் இதற்கு உதவாது. காந்தத்தைத் தன் அச்சிலேயே சுழற்றும்போது அருகிலுள்ள திசைகாட்டியின் முள்ளும் திரும்பினால் அது சரியான வகை. சில்லுக்கும் காந்தத்திற்கும் இடைவெளி 0.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம்.

வாங்கியபடியே பயன்படுத்தினால் இந்தச் சென்சார் 360 டிகிரியையும் முழு மின்னழுத்தத்தில் பரப்புகிறது என்பதை மறக்க வேண்டாம். உங்கள் 60 டிகிரி அசைவு 5 வோல்ட்டில் 0.83 வோல்ட்டையே நிரப்பும். மின்னழுத்தத்தை 1,024 படிகளாகப் பிரித்தளக்கும் 10 பிட் போர்டில் அது ஏறத்தாழ 170 படிகள், பழைய பொடென்ஷியோமீட்டர் தந்த 205 படிகளைவிடவும் குறைவு. தொடக்கக் கோணத்தையும் முடிவுக் கோணத்தையும் சில்லுக்குள் எழுதிக் கொடுத்தால்தான் முழு வீச்சும் கிடைக்கும். ஒரு சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு கொண்டு இதைச் செய்யலாம். முதலில் தற்காலிகமாக எழுதிச் சோதியுங்கள். மின்சாரம் நின்றதும் அது அழிந்துவிடும். கோணங்களை நிரந்தரமாக எழுத மூன்று வாய்ப்புகளே உண்டு என்பதால், பெடல் முழுமையாகப் பூட்டப்பட்ட பிறகே அதைச் செய்யுங்கள். சுழலும் திசையைத் தீர்மானிக்கும் காலைக் கிரவுண்டோடு இணைக்காமல் மிதக்கவிடவும் கூடாது.

சென்சார் எதுவானாலும், பொடென்ஷியோமீட்டரை அகற்றும்போது பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று: பல பெடல்களில் அதுவே தண்டைத் தாங்கும் பேரிங்காகவும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் தண்டு ஆடும், ஆடும் தண்டை எந்தச் சென்சாரும் சரியாக அளக்க முடியாது. எனவே பழைய பொடென்ஷியோமீட்டரை வீசிவிடாமல், பின்புறத் தகட்டின் நாக்குகளை நிமிர்த்தி, கார்பன் தட்டையும் தொடுமுனையையும் மட்டும் எடுத்துவிடுங்கள். தண்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும் அப்படியே இருக்கும். தண்டின் பின்முனையில் காந்தத்தை இரு கலவை எபாக்சியால் ஒட்டி, அதற்கு நேர் எதிரே சென்சாரை நிறுத்தினால், வெளிப்புறத்தில் எதையும் மாற்றாமல் அதே நட்டில் பூட்டிவிடலாம். ஏஎஸ்5600-க்கு இதைவிட நேர்த்தியான வீடு எனக்குத் தெரிந்து இல்லை. உங்களுக்கு நான் சொல்லும் தேர்வும் இதுவே. அருகில் இரும்புத் திருகுகள் இருந்தால் பித்தளை அல்லது நைலான் திருகுகளாக மாற்றிவிடுங்கள். சால்டர் செய்து முடித்த பிறகே காந்தத்தை ஒட்டுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிரந்தரமாக வலுவிழக்கத் தொடங்கும்.

மின்னூட்டம் பற்றிக் கவனம் தேவை. போர்டு சென்சாருக்கு 3.3 வோல்ட் தருகிறதா, 5 வோல்ட் தருகிறதா என்று அளந்துவிட்டுத் தொடங்குங்கள். ஏ1324 5 வோல்ட்டுக்கானது. எஸ்எஸ்49ஈ-யும் ஏஎஸ்5600-உம் இரண்டிலும் இயங்கும், ஆனால் ஏஎஸ்5600-ஐ 3.3 வோல்ட்டில் இயக்கும்போது அதன் இரு மின்னூட்டக் கால்களையும் ஒன்றாக இணைக்க வேண்டும். போர்டின் 3.3 வோல்ட் உள்ளீட்டில் 5 வோல்ட் சென்சாரின் வெளியீட்டைக் கொடுத்தால் போர்டே பழுதாகலாம். 10 கிலோ ஓம் பொடென்ஷியோமீட்டர் எடுத்த 0.5 மில்லியாம்பியருக்கு மாறாக, ஹால் சென்சார் 6 அல்லது 7 மில்லியாம்பியர் எடுக்கும். யூஎஸ்பிக்கு அது பொருட்டல்ல.

பூட்டி முடித்ததும் டெட்ஜோனைப் பூஜ்யத்திற்குக் கொண்டுவந்து, புதிதாகக் கேலிப்ரேட் செய்யுங்கள். 15 சதவீத டெட்ஜோன், குறுக்குக் காற்றில் தரையிறங்கும்போது தேவைப்படும் சிறு திருத்தங்கள் அனைத்தையும் உங்களிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தது. கால் அழுத்தியும் ஒன்றும் நடவாமல், பிறகு ஒரேயடியாக மூக்கு திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். பெடலை ஒவ்வொரு பக்கமும் அழுத்திவிட்டு மெல்ல விடுங்கள், நடுவில் வந்து நிற்கும் எண்ணை எழுதி வையுங்கள். இடமிருந்து வரும்போது ஓர் எண்ணிலும் வலமிருந்து வரும்போது வேறோர் எண்ணிலும் அது நின்றால், சென்சாரில் குறையில்லை. ஸ்பிரிங்கிலோ இணைப்புக் கம்பியின் மூட்டிலோ தேய்மானம் இருக்கிறது. அந்த மூட்டை இறுக்கியோ புஷ்ஷை மாற்றியோ சரிசெய்த பிறகும் எஞ்சும் வேறுபாட்டை மட்டும் மறைக்கும் அளவுக்கு, ஒன்று அல்லது இரண்டு சதவீத டெட்ஜோனை வைத்துக்கொள்ளுங்கள்.