பழைய டிவிடி பிளேயரைப் புது டிவியில் இணைப்பது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிளேயரில் படத்துக்கான மஞ்சள், ஒலிக்கான வெள்ளை, சிவப்பு துளைகள் மட்டும்தான் இருக்கின்றன. புது டிவியில் அந்த மூன்றுமே இல்லை. கன்வெர்ட்டர் (சிக்னலை மாற்றித் தரும் பெட்டி) வாங்கியே ஆக வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் டிவியின் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பல டிவிகளில் அந்த மூன்றுக்கும் பதிலாக ‘ஏவி இன்’ என்று குறித்த ஒரே ஒரு 3.5 மி.மீ. துளை இருக்கும். ஹெட்போன் துளை போலவே இருப்பதால் கவனத்துக்கு வராது. இதற்கு ஒரு முனையில் நான்கு உலோகப் பகுதிகள் கொண்ட பின்னும், மறுமுனையில் மூன்று நிறத் துளைகளும் உள்ள இணைப்பான் வேண்டும். டிவியுடன் வந்த பெட்டியிலேயே அது கிடக்கலாம், தேடிப் பாருங்கள்.

கடையில் வாங்கினால் ஒரு சிக்கல் உண்டு. அந்த நான்கு பகுதிகளில் எது வீடியோ, எது ஒலி, எது கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான இணைப்பு) என்ற வரிசை எல்லாக் கேபிள்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. வரிசை மாறினால் படம் வராது, ஸ்பீக்கரில் ‘கர்ர்’ என்ற இரைச்சல் மட்டும் கேட்கும். அப்போது மஞ்சள் பிளக்கை இணைப்பானின் சிவப்புத் துளையிலும் சிவப்பை மஞ்சளிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள். சில கேபிள்களில் இந்த இரண்டுமே இடம் மாறியிருக்கும். அப்படியும் வரவில்லை என்றால் கிரவுண்ட் இடம் மாறியிருக்கலாம். பிளக்கை எப்படி மாற்றினாலும் அது சரியாகாது. டிவி மாடலைச் சொல்லி அதற்கு உரிய கேபிளையே வாங்குங்கள்.

டிவியில் எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒரே ஒயரில் போகும் டிஜிட்டல் துளை) தவிர வேறு வழியே இல்லை என்றால்தான் கன்வெர்ட்டர். அது ‘ஏவி டு எச்டிஎம்ஐ’ ஆக இருக்க வேண்டும். ‘எச்டிஎம்ஐ டு ஏவி’ பெட்டியும் பார்க்க அதே போலத்தான் இருக்கும், ஆனால் இவை ஒருவழிப் பாதை. திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. மூன்று நிறத் துளைகளின் பக்கம் ‘இன்புட்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 5 வோல்ட் மின்சாரமும் கொடுக்க வேண்டும். டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுத்துப் படம் விட்டுவிட்டு வந்தால் செல்போன் சார்ஜரில் செருகுங்கள். பெட்டியில் உள்ள 720/1080 சுவிட்சை எதில் வைத்தாலும் டிவிடியில் இல்லாத துல்லியம் வந்துவிடாது. அதில் பதிவாகியிருப்பது 720×576 அல்லது 720×480 புள்ளிகள்தான்.

படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது. பிளேயர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. மஞ்சளுக்கும் பச்சைக்கும் டிவியில் ஒரே துளை இருந்தால், மஞ்சள் ஒயரைச் செருகிவிட்டு சோர்ஸில் ‘காம்போனென்ட்’ (பச்சை, நீலம், சிவப்பு என மூன்று ஒயர்களில் படத்தை அனுப்பும் முறை) தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ‘ஏவி’ என்று மாற்றினால் நிறம் வந்துவிடும்.

பிளேயரில் பச்சை, நீலம், சிவப்பு துளைகளும் உள்ளன. பயன்படுத்தலாமா?

டிவியிலும் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து போவதால்தான் எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வது போலத் தெரிகிறது. காம்போனென்டில் அவை தனித்தனியாகச் செல்வதால் படம் கண்கூடாகத் தெளியும். ஆனால் இந்த மூன்றிலும் ஒலி வராது. வெள்ளை, சிவப்பு ஒலி ஒயர்களும் தனியாக வேண்டும். ஆக, சிவப்பு இரண்டு. படத்தில் நிறம் கெட்டு ஒலியும் ஒரு பக்கம் மட்டுமே வந்தால் அந்த இரண்டும் மாறியிருக்கின்றன.

பிளேயர் மெனுவில் ‘புரோகிரெசிவ்’ (படத்தின் எல்லாக் கோடுகளையும் ஒரே தடவையில் அனுப்பும் முறை) என்பதைக் காம்போனென்ட் ஒயர் போட்ட பிறகே இயக்குங்கள். மஞ்சள் ஒயரில் இருக்கும்போது இயக்கினால் சில பிளேயர்களில் திரை இருண்டுவிடும், மெனுவும் தெரியாது. அப்படி ஆகிவிட்டால் டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு ரிமோட்டில் ‘பி-ஸ்கேன்’ அல்லது ‘வி-மோட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

எல்லார் முகமும் அகலமாகத் தெரிகிறது.

பிளேயரின் செட்டப்பில் டிவி வகையை 16:9 ஆக்குங்கள். பழைய டிவிக்காக 4:3 என்று வைத்தது அப்படியே இருக்கும். 4:3 அளவிலேயே எடுத்த பழைய படம் என்றால் டிவி ரிமோட்டில் படத்தின் அளவையும் 4:3 ஆக்க வேண்டும். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரியான வடிவம்.

எச்டிஎம்ஐ ஒயரில் படம் வருகிறது, சில டிஸ்க்குகளில் மட்டும் சத்தம் இல்லை.

பிளேயரின் ஆடியோ அமைப்பு ‘பிட்ஸ்ட்ரீம்’ (சுருக்கிய ஒலியை அப்படியே டிவிக்கு அனுப்புவது) என்று இருக்கும், அதை ‘பிசிஎம்’ (பிளேயரே பிரித்து அனுப்புவது) ஆக்குங்கள். அப்படியும் வராவிட்டால் அந்த டிஸ்க்கில் டிடிஎஸ் என்ற வகை ஒலி ஓடிக்கொண்டிருக்கலாம். அதைப் பல டிவிகளும் சில பிளேயர்களும் பிரித்து ஒலிக்கச் செய்வதில்லை. டிஸ்க் மெனுவில் டால்பி டிஜிட்டல் அல்லது ஸ்டீரியோவுக்கு மாறுங்கள்.

பிளேயரில் யுஎஸ்பி இருக்கிறது, டிவியிலும் இருக்கிறது. ஒரே ஒயரில் இணைக்கலாமா?

முடியாது. இரண்டுமே பென் டிரைவைப் படிப்பதற்காக வைத்தவை. படத்தை வெளியே அனுப்பாது.

டிவிடியை விசிஆர் (வீடியோ கேசட் ரெக்கார்டர்) வழியாக டிவிக்குக் கொடுத்தால் படம் மங்கி மங்கிப் பளிச்சிடுகிறது.

பல டிவிடிகளில் நகல் எடுப்பதைத் தடுக்கும் சிக்னல் உண்டு. விசிஆரின் ஒளியளவுச் சர்க்யூட்டை அது குழப்பிவிடுகிறது. பிளேயரிலிருந்து டிவிக்கு நேராக ஒயர் போடுங்கள்.