மழை பெய்யும் மலையில் சறுக்கலாமா?

அன்புள்ள அண்ணா,

ஒன்ராறியோவின் புளூ மவுண்டன் மலையில் ஸ்கீப் பலகை கட்டிப் பனியில் சறுக்குவதற்காக வருகிற வெள்ளி முதல் ஞாயிறு வரை பக்கத்து ஊரான கொலிங்வூட்டில் அறை எடுத்திருக்கிறோம். நான், மனைவி, பதினொரு வயது மகள். மூவருமே இதுவரை சறுக்கியதில்லை. ஒக்டோபரிலேயே காசு கட்டியாயிற்று. இப்போது பார்த்தால் வெள்ளியும் சனியும் பிளஸ் 6, மழை. ஞாயிறு மைனஸ் 12, நல்ல வெயில். அறை தந்தவர் காசைத் திருப்பித் தரமாட்டாராம். எல்லாம் தண்ணீரில் போன மாதிரித்தான். சனிக்கிழமை அறைக்குள் இருந்துவிட்டு ஞாயிறு மட்டும் சறுக்கலாமா, இல்லை பயணத்தையே விட்டுவிடலாமா? இதெல்லாம் காலநிலை மாற்றம்தானே?

ஒரு வாசகர், ஸ்காபரோ

அன்புள்ள தம்பி,

காசு விஷயத்தை விடுங்கள், அது வராது. காலநிலை பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன். 2023–24 குளிர்காலம் கனடாவில் பதிவானவற்றிலேயே வெப்பம் கூடியது. அதற்கு முந்திய குளிர்காலத்தில் ஒட்டாவாவில் உறைந்த றீடோ கால்வாயின் மேல் அமைக்கும் சறுக்குதளம் அதன் வரலாற்றிலேயே முதல் தடவையாகத் திறக்கப்படவில்லை. போக்கு எந்தப் பக்கம் என்று தெரிகிறது. ஆனால் ஜனவரி நடுவில் தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து இரண்டு மூன்று நாள் பனியை இளக்கிவிட்டுப் போவது, நாங்கள் இந்த நாட்டில் வந்திறங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உள்ள வழக்கம். ஒரு வார இறுதி மழையை வைத்துப் பெரிய கதை கதைக்க எனக்கு விருப்பமில்லை.

நான் எழுத உட்கார்ந்தது அந்த "தண்ணீரில் போன மாதிரி" என்ற வரிக்காக. இந்தக் கிழமை முழுக்க நண்பர்கள் வீடுகளில் இதே பேச்சுத்தான். பிளஸ் 4 என்று தொலைபேசி காட்டியதும் பயணத்தை ரத்துச்செய்கிறார்கள், அதையும் பிள்ளைகளுக்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் செய்கிறார்கள். உங்கள் மகளும் கேட்டிருப்பாள். ஒக்டோபரிலிருந்து காத்திருக்கிற பிள்ளைக்கு, போவதற்கு முன்னமே இது கெட்டுப்போன பயணம் என்று யார் சொல்லிக்கொடுத்தது? மழை சொல்லவில்லை, தம்பி. நீங்கள்தான் சொன்னீர்கள்.

நான் வந்த புதிதில் ஒரு சின்னச் சறுக்குமலையில், வாடகைச் சாமான் கொடுக்கும் அறையில் வேலை செய்தேன். குளிர் நாட்களில் அந்த அறை ஒரு போர்க்களம். பெற்றோர் கத்துவார்கள், பிள்ளைகள் அழுவார்கள், விறைத்துப்போன பிளாஸ்ரிக் சப்பாத்துக்குள் கால் இறங்கவே இறங்காது, கொளுவிகளை இழுத்துப் பூட்டிப் பூட்டி என் பெருவிரல் நகத்தோரம் எப்போதும் வெடித்திருக்கும். பனி இளகும் நாட்களில் ஒருவரும் வரமாட்டார்கள். சப்பாத்துகளின் உள்ளுறைகளை உருவி, சூடான காற்று வரும் குழாய்களில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துவைப்பதுதான் வேலை. ஈரக் கம்பளி, வியர்வை, மெழுகு எல்லாம் கலந்த அந்த மணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஸ்கீ திருத்துகிறவர் கியூபெக்கிலிருந்து வந்த ஒரு முதியவர். அப்படியொரு மழை நாளில் அவர் ஒரு சோடி ஸ்கீயை எடுத்து, கடுங்குளிருக்குப் போட்டிருந்த நீல மெழுகைச் சுரண்டித் தள்ளிவிட்டு, ஈரப்பனிக்கான மஞ்சள் மெழுகை இஸ்திரிப்பெட்டியால் உருக்கித் தேய்த்தார். ஈரப்பனியில் பலகைக்கு அடியில் தண்ணீர்ப் படலம் ஒட்டி இழுக்கும், சரியான மெழுகு இருந்தால் அந்த இழுவை குறையும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். பிறகு, வா, இன்றைக்குப் பழகாவிட்டால் நீ எப்போதுமே பழகமாட்டாய் என்று என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார்.

அவர் சொன்னது சரி. மலையில் எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர்தான். கீழே பனி குழைத்த புட்டு மா மாதிரி உருண்டை உருண்டையாகக் கிடந்தது. ஸ்கீ ஓடியது, ஆனால் பறக்கவில்லை. ஓரத்தைச் சற்றே சாய்த்தால் பனி விட்டுக்கொடுத்துத் திரும்பவிட்டது. விழுந்தேன், நிறைய விழுந்தேன், ஒன்றும் நோகவில்லை. முகம் விறைக்காததால் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க முடிந்தது. மரங்களுக்கு இடையில் மூடுபனி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஊரை விட்டு வந்த பிறகு என் உடம்பு பயமில்லாமல் எதையாவது செய்தது அன்றைக்குத்தான்.

மழை பனியைக் கரைத்துவிடும் என்ற பயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் குழம்புகிறார்கள். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோ ஜூல் வெப்பம் தேவை. ஐந்து பாகையில் பெய்கிற ஒரு கிலோ மழைநீர் பூச்சியத்துக்குக் குளிரும்போது கொடுப்பது கிட்டத்தட்ட 21 கிலோ ஜூல். பத்து மில்லிமீற்றர் மழை முழுவதும் கொட்டினாலும் அது தன் சூட்டால் உருக்குவது ஒரு மில்லிமீற்றர் தண்ணீருக்குக்கூடக் காணாது. பனியைத் தின்பது மழையல்ல, ஈரக்காற்று. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பனியில் பட்டுத் தண்ணீராகும்போது தன்னிடமிருந்த வெப்பத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிடுகிறது. அப்படி ஒரு கிராம் நீராவி படிந்தால் ஏழு கிராமுக்கு மேல் பனி உருகும். ஆகவே முன்னறிவிப்பில் மழையை மட்டும் பார்த்துக் கலங்காதீர்கள். காற்று எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று பாருங்கள். காற்றில்லாத தூறலில் பனி நின்றுபிடிக்கும். காற்றும் மூடுபனியும் சேர்ந்து இரண்டு மூன்று நாள் நின்றால்தான் புல் தெரியும்.

அதோடு புளூ மவுண்டனில் உங்கள் காலுக்குக் கீழே இருக்கப்போவது பெரும்பாலும் வானத்திலிருந்து விழுந்த பனியல்ல. மேலிருந்து கீழ் 220 மீற்றர்கூட வராத மலை அது. 1941 இலிருந்து அங்கே சறுக்குகிறார்கள் என்றாலும், இன்றைய பருவத்தைத் தாங்கிப்பிடிப்பது செயற்கைப் பனிதான். குளிர் இறங்கிய இரவுகளில், நீங்களும் நானும் போர்வைக்குள் கிடந்தபோது, தொழிலாளர்கள் குழாய்களை இழுத்துக்கொண்டு மலையேறி, அழுத்திய காற்றோடு தண்ணீரைப் பீச்சிச் செய்த பனி அது. அந்தத் துகள் சின்னது, உருண்டையானது, நெருக்கமாகப் படிவது. இயற்கைப் பனி வடிந்த பிறகும் அது கிடக்கும். நீங்கள் ஒக்டோபரில் கட்டிய காசு அந்த மனிதர்களின் இரவுகளுக்கும் சேர்த்துத்தான். அது தண்ணீரில் போகவில்லை. சனிக்கிழமை காலையிலும் அங்கேயே கிடக்கும்.

சரி, ஞாயிறு. கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் அதுதான். இரண்டு நாள் மழையில் ஊறிய மலை ஒரே இரவில் மைனஸ் 12க்கு இறங்கினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அவ்வளவும் இறுகிக் கட்டியாகிவிடும். இயந்திரத்தால் கிளறிச் சீர்ப்படுத்துவார்கள், நன்றாகவே செய்வார்கள். ஆனால் மதியத்துக்குள் மேலே கிளறியது ஓரங்களுக்கு ஒதுங்கிவிட, அடியில் பளபளவென்று ஐஸ் தெரியும். பழகியவர்கள் கூர்தீட்டிய ஸ்கீயோடு அதில் போவார்கள். முதல்நாள் பழகுகிற பிள்ளை அதில் விழுந்தால் மணிக்கட்டும் முதுகடியும் தாங்காது, அதற்குப் பிறகு அவள் ஸ்கீயைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். வெயிலைப் பார்த்து நல்ல நாள் என்றும் மழையைப் பார்த்துக் கெட்ட நாள் என்றும் நீங்கள் பிரித்துவைத்திருப்பது, முதல்முறை சறுக்குகிறவர்களைப் பொறுத்தவரை அப்படியே தலைகீழ்.

சனிக்கிழமை காலையே போங்கள். வெள்ளி இரவும் உறையாது என்பதால் மத்தியானம் வரை காத்திருக்கத் தேவையில்லை, பனி முதலிலிருந்தே மெதுவாகத்தான் இருக்கும். மூவரும் ஒரு பயிற்றுநரிடம் பாடம் எடுங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தடித்த உடுப்புகளைக் காரிலேயே விட்டுவிடுங்கள். தண்ணீர் புகாத மேலங்கியும் ஆளுக்கு இரண்டு சோடி கையுறையும் போதும், முதல் சோடி ஒரு மணிநேரத்தில் ஊறிவிடும். மூடுபனியில் மேடுபள்ளம் தெரியாது, மஞ்சள் கண்ணாடி கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், மரங்களை ஒட்டிய பக்கமாகவே சறுக்குங்கள். சரிவு தட்டையாகும் இடங்களில் தண்ணீர் தேங்கியிருக்கும், ஸ்கீ சடாரென்று பிடித்து இழுக்கும். முழங்காலை மடித்து வைத்திருக்கச் சொல்லி மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மூன்று மணிக்கு மேல் கால் களைத்துவிடும், ஈரப்பனியில் களைத்த காலோடு திரும்பினால் முழங்கால் முறுகும், அதற்கு முன்னமே இறங்கிவிடுங்கள்.

ஞாயிறு வெயிலில் கரையோரம் நடந்து ஜோர்ஜியன் விரிகுடாவைப் பாருங்கள். காசுக் கணக்கைத் திங்கட்கிழமை மனைவியோடு தனியாக இருந்து பாருங்கள், பிள்ளைக்கு முன்னால் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணா