அடி நின்ற பிறகும் பிள்ளை ஏன் பேசுவதில்லை? கேள்வி பதில்

திருகோணமலையில் பள்ளிப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் வேலை செய்யும் உளவளத்துணையாளர் ஒருவர், வந்த கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.

உவர்மலையிலிருந்து ஒரு தந்தை: நாங்கள் பூவரசம் கம்பால் அடி வாங்கி வளர்ந்தவர்கள். நன்றாகத்தானே இருக்கிறோம்?

மகிழ்ச்சி, ஐயா. உங்களோடு அடி வாங்கி நன்றாக இல்லாமல் போனவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வரமாட்டார்கள். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் 75 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகள். காயம் வரும்படி தாக்குவதை ஒதுக்கிவிட்டு, கையால் போடும் சாதாரண அடியை மட்டும் எடுத்தும், ஆராய்ந்த 17 விடயங்களில் 13இல் அடி கெடுதலோடுதான் சேர்ந்திருந்தது. முரட்டுத்தனம், மனநலக் குறைவு, பெற்றோரோடு ஒட்டாமை எல்லாம் அதில் அடங்கும். அடிக்கும் இந்தக் கெடுதல்களுக்கும் உள்ள தொடர்பு மிகப் பெரிது என்று மிகைப்படுத்த மாட்டேன். குழப்படிக்காரப் பிள்ளைதான் அதிகம் அடி வாங்குகிறது என்பதும் உண்மை. இருந்தும், அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, தொடக்கத்தில் இருந்த குழப்படியைக் கழித்தாலும் தொடர்பு மிஞ்சுகிறது. அடி அந்த நிமிடத்துக் குழப்படியை நிறுத்தலாம். அடுத்த முறை பிள்ளை அதை உங்கள் கண்ணில் படாமல் செய்யும்.

மூதூரிலிருந்து ஒருவர்: வெளிநாட்டு ஆய்வு நமக்குப் பொருந்துமா? இங்கே அடிக்காத வீடு ஏது?

சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளின் தாய்மாரையும் பிள்ளைகளையும் வைத்து 2005இல் வந்த ஆய்வு இதைத்தான் கேட்டது. அடி வழக்கமாக உள்ள இடங்களில் அடிக்கும் கெடுதலுக்கும் உள்ள தொடர்பு சற்றுத் தளர்கிறது, அற்றுப்போவதில்லை. நம் வடகிழக்கிலேயே, சுனாமிக்குப் பின் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. போர், கடல் ஆகியவற்றின் வடுக்களோடு, வீட்டுக்குள் கண்ட வன்முறையும் அவர்கள் மனநலத்தோடு தொடர்புபட்டிருந்தது. தகப்பனின் குடியும் அந்த வன்முறையோடு சேர்ந்தே வந்தது. இத்தனையும் பட்ட மண்ணில், வீடாவது பிள்ளைக்குப் பயமில்லாத இடமாக இருக்க வேண்டாமா?

ஓர் ஆசிரியர்: பிரம்பு இல்லாமல் நாற்பது பேரை எப்படி அடக்குவது?

சேர், கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை பாடசாலையில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்கிறது. ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரைக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. நாற்பது பேர் கடினம்தான், மறுக்கவில்லை. அதை அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும் கேளுங்கள். பிள்ளையின் முதுகில் தீர்க்க வேண்டாம்.

பதினாறு வயது மாணவி: அம்மா அடிப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் கையை உயர்த்தினால் உடம்பு சுருங்குகிறது. எதையும் சொல்ல வரவில்லை. என்னில் பிழையா?

இல்லை, மகள். அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று பார்த்துப் பழகிய உடம்பு, அடி நின்ற மறுநாளே காவலை விடாது. தூக்கம் கெடுவதும், சிறு சத்தத்துக்குத் திடுக்கிடுவதும், எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்று தோன்றுவதும் அதோடு வரலாம். உங்கள் பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர் இருந்தால் அவரிடம் தொடங்குங்கள். யாரிடமும் நேரில் சொல்ல முடியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. யாராவது இப்போதும் அடித்தால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினுடையது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு தரம் வந்திருந்தாலும் இன்றைக்கே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள், நாளைக்கு வைக்க வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: தலையில் ஒரு குட்டுக்கூடக் கூடாதா?

கூடாது. தலையில் அறவே கூடாது.

நிலாவெளியிலிருந்து ஒரு தாய்: மகனுக்குப் பதின்மூன்று. சின்ன வயதில் நிறைய அடித்துவிட்டேன். இப்போது போனும் கதவும்தான் அவனுக்குத் துணை. நான் மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறையாதா?

குறையாது, தங்கச்சி. "உன்னை அடித்தது என் பிழை, இனி அடிக்க மாட்டேன்" என்பதோடு நிறுத்துங்கள். "ஆனால் நீயும்…" என்று தொடங்கினால் அவன் கேட்கப்போவது அந்தப் பாதியைத்தான். போனுக்கு விதி வேண்டுமென்றால் அவனையும் இருத்திப் பேசி, சாப்பாட்டு மேசையில் யாரிடமும் போன் இல்லை என்பதைப் போல உங்களையும் கட்டுப்படுத்தும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மீறினால் என்ன என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கோபம் ஏறும் நேரத்தில் முற்றத்துக்குப் போய்விடுங்கள். முதல் மாதம் அவன் உங்களைச் சோதித்துப் பார்ப்பான், வேண்டுமென்றே.