எப்போது வெளியே விடுவது?

அன்புள்ள ஐயா,

எங்கள் புளோக்கில் ஓர் இளைஞன். நோய் முற்றியிருந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கத்தியால் கீறிவிட்டான். மனநலக் கழக மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போது வீடு திரும்பியிருக்கிறான். “இவனை எதற்கு வெளியே விட்டார்கள்?” என்று மின்தூக்கியில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் அவன் அம்மாவைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

— ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பயத்தில் தவறில்லை. காயம்பட்ட பெரியவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும். அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தப் பையனின் உரிமையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரும்.

விருப்பமில்லாதவரை மனநலக் கழகத்தில் வைக்க நம் 2008ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கட்டம் கட்டமாகவே அனுமதிக்கிறது. முதலில் 72 மணி நேரம். வேறொரு மருத்துவரும் பார்த்துச் சொன்னால் ஒரு மாதம். அப்புறம் ஆறு மாதம்வரை. அதற்கும் மேல் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். 2024இல் காவல்துறை ஒருவரைப் பிடித்துச் செல்வதற்கான நிபந்தனையை நாடாளுமன்றம் தளர்த்தியது. ஆபத்து உடனடியாக இருக்க வேண்டும் என்பதில்லை, நிகழக்கூடும் என்று கருத நியாயமான காரணம் இருந்தால் போதும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

சித்த சுவாதீனம் இல்லாமல் செய்தார் என்று குற்ற வழக்கில் விடுவிக்கப்பட்டவரின் கதை வேறு. விடுதலை என்று தீர்ப்பு வந்தாலும் அவர் வீட்டுக்குப் போக முடியாது. அமைச்சரின் உத்தரவுப்படி, அதிபரின் விருப்பம் உள்ளவரை காவல். அதே செயலுக்குச் சிறை சென்றவருக்கு வெளியே வரும் நாள் தெரியும், இவருக்குத் தெரியாது. சட்டப்படி நியமிக்கப்பட்ட பார்வையாளர்கள் வந்து பார்க்கிறார்கள்தான், ஆனால் முடிவு அவர்கள் கையில் இல்லை, அமைச்சர் கையில். என்னை உறுத்துவது இதுதான். யார் அமைச்சராக இருந்தாலும், வெளியே விடப்பட்டவர் ஏதாவது செய்துவிட்டால் பழி அமைச்சர் தலையில் விழும். விடாமலே வைத்திருந்தால் கேட்பதற்கு ஆளில்லை. இங்கிலாந்திலும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது. பலத்த காவலுள்ள பிராட்மூர் மனநல மருத்துவமனை நோயாளி ஒருவரின் வழக்கில் 1981இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைத் தவறு என்றது. 1983இல் வந்த சட்டம், விடுவிக்கும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்கும் கொடுத்தது. நமக்கும் அப்படியொரு அமைப்பு வேண்டும்.

பூட்டியே வைத்தால் பாதுகாப்பு என்பது பாதிதான் சரி. பல வருடம் உள்ளே இருந்த ஒருவர், திறந்து கிடந்த கதவுக்கு முன்னாலும் யாராவது அனுமதி சொல்வார்கள் என்று நின்றுகொண்டிருந்தாராம். எனக்குத் தெரிந்த தாதி ஒருவர் சொன்னது. அப்படிப்பட்டவரை ஒரே நாளில் தெருவில் விடுவதுதான் ஆபத்து. முதலில் தாதியோடு வளாகத்துக்குள் நடை, பிறகு கேண்டீன், பிறகு ஒரு பகல் வீட்டில். சொன்ன நேரத்துக்குத் திரும்பினாரா, மாத்திரை போட்டாரா, குரல்கள் மறுபடி கேட்கின்றனவா என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் ஒரு படி பின்னால். இப்படி விட்டுப் பார்க்காமல், அவர் வெளியில் எப்படி இருப்பார் என்பதை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

உங்கள் புளோக் பையனும் இப்போது அப்படியொரு படியில்தான் இருக்கிறான். அவன் மருந்தை நிறுத்தினால் முதலில் கவனிக்கப்போவது அவன் அம்மா. அக்கம்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். போய்ப் பேசுங்கள். மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண் 6389 2222. அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது உடனடி ஆபத்து என்றால் யோசிக்காமல் 999ஐ அழையுங்கள்.