சனத்துக்கு விளங்காதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரீச்சர், எங்கள் குழு கிளிநொச்சியில் ஒரு நவீன நாடகம் போட்டது. பாதியிலேயே பின்னால் இருந்தவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள். சிலர் எழும்பிப் போய்விட்டார்கள். "இந்தச் சனத்துக்கு இதெல்லாம் விளங்காது. இனிமேல் கொழும்பிலதான் போடவேணும்" என்கிறார் எங்கள் நெறியாளர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
வாசகர், கிளிநொச்சி

அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உங்கள் நாடகத்தை நான் பார்க்கவில்லை. நல்ல நாடகமாகவே இருக்கலாம். ஆனால் சனத்தின் அறிவைக் குறை சொல்வதற்கு முதல், ஒரு தடவை காத்தவராயன் கூத்துக்கு, ஊரில் காத்தான் கூத்து என்கிறோமே அதற்கு, வந்து விடியும்வரை சனத்தோடு பாயில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பாய், போர்வை, பிளாஸ்கில் தேத்தண்ணீர், மடியில் நித்திரையான பிள்ளை. இப்படித்தான் எங்கள் சனம் கூத்துப் பார்க்கும். கதை தெரியாமல் ஒருவரும் வருவதில்லை. ஒரே காத்தானாக ஒருவர் மாறி ஒருவர் வருவார்கள். புதிதாக வந்தவர் முதல் அடியைப் பாடி முடிப்பதற்குள், போன காத்தானின் குரலோடும் போன வருடக் காத்தானின் குரலோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். சுருதி பிசகினால் முன்பாயிலிருக்கும் கிழவிகளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

மீள்குடியேறிய பிறகு எங்கள் பக்கத்தில் காத்தான் கூத்தைத் திரும்ப எடுத்தபோது உடுப்பும் இல்லை, கொப்பியும் இல்லை. எல்லாம் 2009 போரில் போய்விட்டது. ஆளாளுக்கு நினைவிலிருந்த பாட்டுகளைச் சொல்லச் சொல்ல எழுதினோம். அதில் அதிகம் சொன்னவர் கோயில் வாசலில் கச்சான் விற்கும் ஒரு அம்மா. பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். ஒருநாள் பழக்கத்தின்போது, காத்தான் விரும்பிய ஆரியமாலையைத் தேடிப் போகாதே என்று தாய் அவனை மறிக்கும் இடத்தை ஒரு பெடியன் உச்சத்தில் எடுத்துப் பாடினான். அந்த அம்மா கச்சான் சுருட்டுவதை விட்டுவிட்டு, "அதில கத்தக்கூடாது தம்பி. பெத்தவள் கெஞ்சிற இடம். குரல் இறங்கோணும்" என்றார். பாடத்திட்டத்தை வைத்து நாடகமும் அரங்கியலும் படிப்பித்தவள் நான். ஒரு காட்சியை இவ்வளவு சரியாகத் திருத்திய ஆட்களை அந்த உலகத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

கூத்தில் சனம் கதைக்கும், தேத்தண்ணீர் குடிக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும். விடியப்புறம் காத்தான் கழுமரத்துப் பக்கம் திரும்பினால் ஒரு சத்தம் இராது. எங்கே கதைக்கலாம், எங்கே மூச்சுவிடவும் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் நாடகத்தில் அவர்கள் கதைத்தது எந்தக் காட்சியில்? எழும்பிப் போனது எந்த இடத்தில்? குறித்து வைத்தீர்களா? போனவர்களில் இரண்டு பேரிடமாவது அடுத்தநாள் கேட்டுப் பார்த்தீர்களா? கேட்டால் உங்கள் நெறியாளருக்கு உதவுகிற பதில் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. சிலப்பதிகாரம் படித்தவர்களின் சொத்து என்று நினைக்கிறோம். உ. வே. சாமிநாதையர் அதை அச்சில் கொண்டுவந்தது 1892இல். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நந்திக்கடல் கரையில், வற்றாப்பளையில், வயல் செய்கிற சனமும் கடலுக்குப் போகிற சனமும் கண்ணகிக்குப் பொங்கி வருகிறார்கள். வைகாசியில் முல்லைத்தீவுக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்துவந்து உப்புத் தண்ணீரில் விளக்கெரிக்கிறார்கள். கோவலன் கூத்தை ஆடி வருகிறார்கள். ஏட்டுச்சுவடியைக் கண்ணால் காணாதவர்கள் அந்தக் கதையைத் தாயின் கதையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "விளங்காது" என்று எப்படி வாய் வருகிறது?

ஆனால் சனம் செய்வதெல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். காத்தான் சாதி மீறி ஒரு பெண்ணை விரும்பியதற்காகக் கழுவேறுகிறான். அந்த இடத்தில் அழாத பெண் இல்லை. அழுதுகொண்டிருந்த அதே சனம்தான் யார் எங்கே பாய் போடலாம், யார் மத்தளம் தொடலாம், யார் பறை அடித்துவிட்டு வெளியே நிற்கவேண்டும் என்றும் வைத்திருந்தது. சில இடங்களில் இன்னும் முழுதாகப் போகவில்லை. கொழும்பு மண்டபத்தில் நடக்கும் ஒதுக்கலைக் கண்டிக்கிற நாங்கள் கோயில் வீதியில் நடக்கும் ஒதுக்கலைப் பாரம்பரியம் என்று விட்டுவிடக்கூடாது.

கலைவிழாக்களில் முன்வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போட்டு, விருந்தினர் வரும்வரை வெறுமையாக வைத்திருக்கிறார்கள். பின்னால் சனம் நிற்கிறது. இது சரியா?
வாசகர், ஒட்டுசுட்டான்

சரியில்லை. முன்வரிசையை ஒதுக்குங்கள், வயது போனவர்களுக்கும், செயற்கைக் கால் போட்டவர்களுக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் ஒதுக்குங்கள். வன்னியில் அந்த வரிசை நிறைய அப்படியான ஆட்கள் இருக்கிறார்கள். பிரதம விருந்தினர் பிந்தினால் அவர் வரும்வரை பார்த்திராமல் தொடங்குங்கள்.

என் மகள் பரதம் பழகுகிறாள். பள்ளிக்கூடத்தில் கூத்திலும் சேர்ந்தாள். "கூத்தாடினால் கால் கெட்டுப்போகும், அது படிக்காத ஆக்களின்ர ஆட்டம்" என்று நடன ஆசிரியை சொல்கிறா. மகள் அழுகிறாள். என்ன செய்வது?
ஒரு தாய், புதுக்குடியிருப்பு

அம்மா, அந்த ஆசிரியை சொன்னதில் இரண்டு விடயங்கள் கலந்திருக்கின்றன. கால் பற்றியது தொழில் சார்ந்த கவலை. அரைமண்டி, அதாவது முழங்காலை மடித்து நிற்கும் பரத நிலை, உறுதியாகும் வயதில் வேறோர் ஆட்டமுறையின் துள்ளலும் சேர்ந்தால் குழம்பலாம் என்று அவர் பயப்படுகிறார் போலும். அதைப் பேசித் தீர்க்கலாம். பழகும் நாட்களைப் பிரித்துக்கொள்ளலாம். "படிக்காத ஆக்களின்ர ஆட்டம்" என்ற பேச்சை மட்டும் வீட்டுக்குள் விடவேண்டாம்.

ஏனென்றால் பரதமே அந்தப் பேச்சைக் கேட்டு வந்ததுதான். அது சதிர் என்ற பெயரில் தேவதாசி மரபுப் பெண்களிடமும் அவர்களுக்கு ஆட்டம் பழக்கிய நட்டுவனார்களிடமும் இருந்தது. நூறு வருடங்களுக்கு முன் மரியாதையான வீட்டுப் பெண் ஆடக்கூடாத ஆட்டம் அது. 1931இல் சென்னை மியூசிக் அகாடமி அந்த மரபில் வந்த கல்யாணி புதல்விகளின் சதிர் நிகழ்ச்சியை மேடையேற்றியது. 1935இல் ருக்மிணி தேவி பொதுமேடையில் ஆடினார், அடுத்த வருடம் அவருடைய நடனப் பள்ளியான கலாக்ஷேத்திரா தொடங்கியது. அதன்பிறகு பெரிய இடத்துப் பெண்கள் படிப்படியாக வந்தார்கள், ஆட்டத்துக்கு மரியாதை வந்தது. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த பெண்களில் பலருக்கு மேடை இல்லாமல் போனது. பாலசரஸ்வதி போன்ற சிலர்தான் அந்த மரபுக் குடும்பத்திலிருந்து வந்து கடைசிவரை நிமிர்ந்து நின்றார்கள். ஆடியவர்களைத் தள்ளிவிட்டு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்ட அந்தக் கதையை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். நடன ஆசிரியைக்கும் மரியாதையாகச் சொல்லலாம்.

மகளைக் கூத்திலிருந்து நிற்பாட்டாதீர்கள். தாளக்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே ஆடவும், ஆடிக்கொண்டே பாடவும் அவள் அங்கேதான் பழகுவாள்.

விடிய விடிய ஆடும் கூத்தை ஒன்றரை மணித்தியாலமாகச் சுருக்கினால் அது கூத்தா?
வாசகர், மல்லாவி

சுருக்கலாம். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதைத்தான் செய்தார். கர்ணன் போர் 1962, நொண்டி நாடகம் 1963, இராவணேசன் 1964, வாலிவதை 1968. படித்தவர்கள் கூத்தை ஏளனமாகப் பார்த்த காலத்தில் பல்கலைக்கழக மாணவர்களைச் சதங்கை கட்ட வைத்தார், கூத்துப் பழக்கும் கிராமத்து ஆசான்களான அண்ணாவிமாரிடம் கற்க வைத்தார். அது பெரிய காரியம். எங்கள் பள்ளிக்கூடங்களில் இன்று கூத்து ஒரு பாடமாக இருப்பதற்கு அந்த வேலையும் ஒரு காரணம்.

எனக்குள்ள கவலை வேறு. சுருக்கிய கூத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் செம்மையானது, ஊரில் ஆடுவது வளவளப்பு என்று சொல்லத் தொடங்கினார்கள். ஊர்க்கூத்து நேர்த்திக்காக ஆடுவது. பிள்ளைக்குச் சுகம் வந்ததற்காக ஒருவர் காத்தானாக ஆடுகிறார். அவருடைய நேரத்தை நெறியாளர் வெட்டமுடியாது. மண்டபத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் இருக்கட்டும், கோயில் வீதிக்கு இரவு முழுவதும் இருக்கட்டும். அண்ணாவியாரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவதோடு நிற்காமல், பழக்கிய ஒவ்வொரு நாளுக்கும் காசு கொடுங்கள். விரிவுரையாளருக்குக் கொடுக்கிற அதே காசு.

என் அப்பப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். காமன் கூத்துப் பாட்டுகள் முழுக்கத் தெரியும். ஊர்க் கலைவிழாவில் சேர்க்கக் கேட்டபோது "அது தோட்டக்காட்டு ஆட்டம், எங்கட மரபு இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அவர் பாடுவதே இல்லை. என்ன செய்யலாம்?
ஒரு மாணவி, கிளிநொச்சி மாவட்டம்

பிள்ளை, இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்குக் கோபம் அடங்க நேரம் எடுத்தது. காடு வெட்டி வயலாக்கியதில் உன் அப்பப்பா போன்றவர்களின் உழைப்பு எவ்வளவு என்று அந்த விழாக் குழுவுக்குத் தெரியும். உழைப்பு எங்களுடையது, பாட்டு மட்டும் எங்களுடையது இல்லையா? 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை இல்லை என்றது. அதே வேலையை ஒரு கலைவிழாக் குழு செய்யக்கூடாது.

மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, ரதியும் மதனும் தப்பு அடிக்கு ஆடி, சிவன் எரித்த மன்மதனுக்காக ரதி புலம்புவதை ஊரே நின்று கேட்கும் கூத்து அது. ஒப்பாரி தெரிந்த வன்னிச் சனத்துக்கு ரதியின் புலம்பலைப் பற்றி ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

விழாக் குழுவுக்கு நீ தனியாக எழுதாதே. உன் நாடக ஆசிரியரையும் கையெழுத்துப் போடச் சொல். அதைவிட முதல் வேலை வீட்டில் இருக்கிறது. கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அப்பப்பாவிடம் பாடச் சொல்லிக் கேள். மேடைக்கு என்று கேட்காதே, உனக்கு என்று கேள். முதலில் மறுப்பார். ஒரு அடியைப் பிழையாகப் பாடிக் காட்டு, திருத்துவார். எந்தத் தோட்டம், யார் பழக்கினார், யார் ரதியாக ஆடினார் என்று எல்லாவற்றையும் கேட்டுக் கொப்பியில் எழுது. தப்பு அடிக்கத் தெரிந்த ஆள் ஊரில் யாராவது இருந்தால் அவரையும் ஒருநாள் பின்னேரம் வீட்டுக்குக் கூப்பிடு. எழுதியதில் ஒரு படியை எனக்கு அனுப்பு. அப்பப்பா சம்மதித்தால் இந்தப் பகுதியில் அவர் பெயரோடு போடுவோம்.