நரம்பு ஊசியை விடுங்கள், சங்கிலியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் காட்டோரம் ஆடு வளர்க்கிறேன். கொட்டகைக் காவலுக்கு இருக்கும் நாட்டு நாய்க்கு 13 வயது. பகலில் சங்கிலியில்தான் கிடக்கும். ஆறு மாதமாக ராத்திரியில் காரணமில்லாமல் ஊளையிடுகிறது, தீவனத் தொட்டிக்குப் பின்னால் மூலையில் முட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் நிற்கிறது. தீவனக் கடைக்காரர் 'நரம்பு வளர' ஓர் ஊசி தருகிறார். ஒரு மாதக் குட்டி ஒன்றும் இருக்கிறதாம். இரண்டையும் வாங்கலாமா?

பதில்: ஊசி வேண்டாம். அப்படி விற்கிற பாட்டில்களில் பெரும்பாலும் பி வைட்டமின்தான், குறைபாடு இருந்தால்தான் அதனால் பயன். மூளையில் செத்துப்போன நரம்பணுவை எந்த ஊசியும் முளைக்க வைக்காது. நினைவுக்கான பகுதி போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் கொஞ்சம் புது அணுக்கள் பிறக்கும், அதுவும் வயதானால் வெகுவாகக் குறைந்துவிடும். கிழ நாயின் மூளை சுருங்கும், அமிலாய்டு என்ற புரதம் படியும், மனிதனுக்கு அல்சைமர் என்ற மறதி நோயில் படிகிற அதே சாமான். 2001-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திடமும் 15, 16 வயதில் 68 சதவீதத்திடமும் இந்தத் தடுமாற்றத்தின் ஏதாவதோர் அறிகுறி தெரிந்தது. ஆனால் கண், காது, பல்வலி, சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் நாய் இப்படி நடக்கும், அதனால் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். இதுவே இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்திருந்தால் விஷமோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயோ, வெறிநோயோ என்று பயப்பட வேண்டும், வாய்ப் பக்கம் கையே வைக்கக் கூடாது. அப்புறம், ஆட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை நாய்மேல் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், அவற்றில் சில நேராக நரம்பைத்தான் தாக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியது சங்கிலியைப் பற்றி. பகல் முழுக்க ஒரே கம்பத்தில் கிடக்கிற நாயின் மூளைக்கு என்ன வேலை இருக்கிறது? வயதான பீகிள் நாய்களை வைத்துப் பல வருடம் செய்த சோதனையில், சத்துணவோடு துணை, நடை, கற்றுக்கொள்ள வேலை எல்லாம் கிடைத்தவைதான் நன்றாகத் தாக்குப்பிடித்தன, வெறும் உணவோடு விட்டவை அந்த அளவுக்கு இல்லை. காலையும் மாலையும் ஒரே பாதையில் நடத்திக்கொண்டு போங்கள், புல்லை மோந்து பார்த்தால் இழுக்காமல் நில்லுங்கள். அவித்த மீன் துண்டுகளைக் கொட்டகையைச் சுற்றி ஒளித்து வையுங்கள், தேடித் தின்னட்டும். தொட்டிக்குப் பின்னால் உள்ள இடுக்கைப் பலகை வைத்து அடையுங்கள், ராத்திரி ஒரு சின்ன பல்பு எரியட்டும். செத்த அணு இதனால் திரும்பாது, இருப்பதைக் கொஞ்சம் காப்பாற்றலாம்.

குட்டி விஷயம். பிறக்கும்போது அதற்குக் கண்ணும் திறக்காது, காதும் கேட்காது, நரம்பிழைகள் மேல் கொழுப்பு உறை படிவதே பெரும்பாலும் பிறந்த பிறகுதான். மூன்றிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் பார்த்துப் பழகுவது ஆயுசுக்கும் நிற்கும். ஒரு மாதத்தில் தாயிடமிருந்து பிரிப்பது அநியாயம். கடைக்காரருக்குப் பால் செலவு மிச்சம், உங்களுக்குக் கடிக்கிற நாய். எட்டு வாரம் ஆன பிறகு வாங்கி, அன்றே ஆடுகளோடு பழக்குங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், தடுப்பூசி அட்டை கேளுங்கள். மழுப்பினால் காசைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.